அத்தியாயம் 5: காற்று திரும்புமுன் (நெடுந்தீவில் பருவங்களோடு வாழ்தல்)

ஆசிரியராக, தாதியாக, கிராம அலுவலராக நெடுந்தீவுக்கு நியமனம் பெற்று வருகிறவர்களுக்கான அத்தியாயம் இது. சனி, ஞாயிறு தோறும் யாழ்ப்பாணம் போய்வரலாம் என்ற எண்ணத்தோடு பலர் வருகிறார்கள். பங்குனியில் வந்து இறங்கியவருக்கு அந்த எண்ணம் சரியாகவே படும். ஆனியில் கடல் குமுறும்போதும், கார்த்திகையில் நாட்கணக்கில் படகு நிற்கும்போதும் அது பலிக்காது.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கடற்பயணம். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்துவிட்டன. நெடுந்தீவுக்குப் பாதை கடல் மட்டுமே. சீமெந்து, தகரம், மருந்து, அரிசி, காஸ் சிலிண்டர், வேலை செய்ய ஒரு மேசன் என்று எல்லாமே படகில்தான் வரவேண்டும். காலநிலை கெடுகிற நாளில்தான் அவை அவசரமாகத் தேவைப்படும். அந்த நாளில்தான் படகும் ஓடாது.

இதிலிருந்து பிறப்பதுதான் இந்த அத்தியாயம் முழுவதற்குமான விதி: ஒரு பருவத்துக்கு வேண்டிய வேலையை அதற்கு முந்திய பருவத்திலேயே முடித்துவிட வேண்டும். மற்ற ஆலோசனைகள் எல்லாம் இந்த விதியின் விரிவுகள்.

ஆண்டைக் காற்றால் பிரியுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப் பருவப்பெயர்ச்சி, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி, ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப் பருவப்பெயர்ச்சி, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவப்பெயர்ச்சி. வானொலியில் கேட்கும் வானிலை அறிக்கைக்கு இந்தச் சொற்கள் பழகியிருக்க வேண்டும்.

தீவின் பேச்சில் புழங்குவது மூன்று பெயர்கள். மாரியோடு வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது வாடை. மாசி, பங்குனியில் கிழக்கிலிருந்து மென்மையாக வீசுவது கொண்டல். வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து இடைவிடாமல் அடிப்பது சோளகம். இந்தச் சோளகம்தான் கொழும்புப் பக்கத்துக்கு மழை கொண்டுபோகும் காற்று. வடக்குக்கு வரும்போது அது ஈரமிழந்த வறட்டுக் காற்றாகிவிடுகிறது. ஆகவே ஆண்டின் பெரும்பங்கு மழை ஒக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரையான சில கிழமைகளுக்குள் பெய்து தீர்கிறது.

வெப்பநிலையை நம்பி நாட்காட்டி போடாதீர்கள். ஜனவரியின் சராசரி வெப்பத்துக்கும் மே மாதச் சராசரிக்கும் நான்கைந்து பாகைதான் வித்தியாசம். இங்கே வாழ்க்கையை மாற்றுபவை காற்றின் திசையும் கிணற்று நீரின் ருசியும்தான். வந்த முதல் மாதத்திலேயே வயதான கடற்றொழிலாளர் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, நாளைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலில் உங்கள் துறைக்கும் கரைக்கும் பொருந்திய தகவல் இருக்கும். அதைத் திணைக்களத்தின் எச்சரிக்கையோடு சேர்த்துக் கேளுங்கள். எச்சரிக்கை ஒன்று சொல்லி, அனுபவம் வேறொன்று சொன்னால், இரண்டில் எது கடுமையானதோ அதன்படி நடவுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

நெடுந்தீவின் நிலம் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். பெய்யும் மழை அந்தக் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின்மேல், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல, ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் சொல்லும் பொதுக் கணக்கு. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: மேலே அரை அடியை இறைத்து வற்றவிட்டால், கீழிருந்து உப்பு இருபது அடி ஏறிவிடலாம்.

எனவே கிணற்றில் மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் தாங்கியை நிரப்புவது தீவில் செய்யத்தகாத வேலை. வாளியால் அள்ளுங்கள், காலையில் பாதி, மாலையில் பாதி என்று எடுங்கள். மோட்டர் இருந்தேயாக வேண்டுமானால் சிறியதாக வைத்து, உறிஞ்சு குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் விடுங்கள். அடியாழத்தில் விட்டால் முதலில் வருவது உப்புத்தான். குடிக்கத்தக்க கிணறுகள் தீவில் எல்லா இடத்திலும் இல்லை. சாறாப்பிட்டிக் கிணறுகளின் பெயரைத் தீவார் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இந்த அருமைதான். வீடு வாடகைக்குப் பார்க்கும்போது அறைகளுக்கு முன் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். மாரி முடிந்த கையோடு சுவைத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணியில் அதன் நீர் எப்படி இருக்கும் என்று அயல்வீட்டில் கேளுங்கள்.

மழைநீர் சேகரிப்பை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 40 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை 4,000 லீற்றர் தரும். சிந்தியதும் ஆவியானதும் போக 3,000 லீற்றராவது தாங்கிக்குள் சேரும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று வைத்தால், மாசியிலிருந்து புரட்டாதி வரையான எட்டு மாதத்துக்கு ஒருவருக்கு 1,200 லீற்றர் போதும். இருவர் வாழும் வீட்டுக்கு 2,500 லீற்றர்த் தாங்கி ஒன்று, ஒழுகாத பீலி, இறுக்கமான மூடி ஆகியவை இருந்தால் கோடையின் பாதிக் கவலை தீர்ந்தது. முதல் மழையின் நீரைத் தாங்கிக்குள் விடாதீர்கள். அது கூரையின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். தாங்கியின் வாயை நுளம்பு வலையால் கட்டுங்கள். திறந்து கிடக்கும் தாங்கியில் டெங்கு நுளம்பும் பெருகும்.

கொண்டல் வீசும்போது: மாசி முதல் சித்திரை வரை

ஆண்டில் கடல் இறங்கிப்போய்க் கிடக்கும் காலம் இது. நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்ட கச்சதீவில் அந்தோனியார் கோவில் திருவிழா பெப்ரவரி, மார்ச்சில் நடப்பதும், இரு நாட்டு அடியார்கள் படகேறி வருவதும் இந்த அமைதியான கடலில்தான். பாரமான பொருட்களை இப்போதே ஏற்றி இறக்குங்கள். கூரைத் தகரம், மரம், தளபாடம், தாங்கி, சைக்கிள், ஆண்டுக்குத் தேவையான அப்பியாசக் கொப்பிகள் எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள் வந்துவிட வேண்டும். வீட்டார் உங்களைப் பார்க்க வருவதென்றாலும், முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிவர இதுவே காலம்.

சித்திரையில் காற்று விழுந்து புழுக்கம் தொடங்கும். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் வடபகுதியின் தலைக்கு நேர்மேலே நிற்கும். தகரக் கூரை வீட்டில் பகல் பதினொரு மணிக்குமேல் இருக்க முடியாது. கூரையின்மேல் கிடுகு அல்லது பனையோலை பரப்பினால் வெக்கை குறையும். ஆனால் சோளகம் எழுமுன் அதைக் கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும். வெளிவேலைகளைக் காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். கடையில் கிடைக்கும் ஜீவனிப் பக்கற்றுகள் சில எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதென்று குடிக்கும் அளவைக் குறைப்பது புதிதாக வந்தவர்களின் வழக்கம். அதன் விளைவு சிறுநீர்க் கடுப்பும் தலைச்சுற்றும்.

சோளகம்: வைகாசி முதல் ஆவணி வரை

சோளகம் ஒரே திசையிலிருந்து மாதக்கணக்காக அடிக்கும். காவோலைகளின் சரசரப்பு இரவெல்லாம் கேட்கும். முதல் இரண்டு கிழமை நித்திரை குறையும். பிறகு காது பழகிவிடும். வீட்டின் தென்மேற்கு யன்னல்களைப் பகலில் சாத்தி, வடகிழக்கு யன்னல்களைத் திறந்து வையுங்கள். சமையல் அடுப்பை எதிர்ப்பக்கச் சுவரோரம் மாற்றுங்கள். தீவின் பழைய முருகைக்கல் வேலிகள் காணி எல்லைக்கு மட்டும் கட்டப்பட்டவை அல்ல. காற்றையும் கால்நடையையும் சேர்த்து மறிப்பவை. மரக்கறித் தோட்டம் போட விரும்பினால், கல்வேலியின் காற்று படாத பக்கத்தில் போடுங்கள்.

படகுப் பயணத்துக்கு இது கடினமான பருவம். பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் காலைப் படகே நல்லது. குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறுவதற்கு அரை மணிக்கு முன்னரே போடவேண்டும். அலையில் போட்டால் அது வயிற்றில் நிற்காது. படகின் முன்பக்கத்தைத் தவிர்த்து, நடுவிலோ பின்பக்கத்திலோ இருந்து, தொலைவில் தெரியும் கரையைப் பாருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கையில் வைத்திருப்பதால் பயனில்லை. உடலில் கட்டியிருக்க வேண்டும். சான்றிதழ், தொலைபேசி, மருந்து மூன்றையும் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள். ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் மகோற்சவம் நடக்கும் நாட்களில் குறிகட்டுவானில் சனம் நிரம்பி வழியும். அந்த நாட்களில் துறைக்கு நேரத்தோடு போய்ச் சேருங்கள்.

கடலில் குளிப்பதில் ஓர் எச்சரிக்கை. தென்மேற்குக் கரையில் அலை அடிக்கும்போது, எதிர்ப்பக்கக் கரை குளம்போல அமைதியாகத் தெரியும். அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த ட்யூபில் மிதக்கும் பிள்ளையை அது சில நிமிடங்களில் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். இடுப்பளவு நீரைத் தாண்ட வேண்டாம்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். சைக்கிள் சங்கிலி, பூட்டு, காஸ் அடுப்பு, மின்விசிறி என எதையும் விடாது. கழுவ நன்னீரைச் செலவழிக்காமல், ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் பூசுங்கள். கிழமைக்கு ஒரு முறை போதும். தூசியும் உப்பும் சேர்ந்து கண்ணை உறுத்தும். சைக்கிள் ஓடும்போது கண்ணாடி அணியுங்கள்.

வறட்சி முற்றுவதும் இந்தப் பருவத்தின் பின்பாதியில்தான். தீவின் காட்டுக்குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை என்பர். கடும் வறட்சி ஆண்டுகளில் அவை தண்ணீரின்றிச் செத்து விழுந்திருக்கின்றன. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. இரக்கத்தில் சோறும் பாணும் போட்டுக் குதிரைகளை வீட்டுக்குப் பழக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடப்பதைக் கண்டால் பிரதேச செயலகத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள்.

காற்று விழும் இடைவெளி: புரட்டாதி, ஐப்பசித் தொடக்கம்

சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குமுன் சில கிழமைகள் கிடைக்கும். ஆண்டிலேயே பெறுமதியான நாட்கள் இவை. செய்யவேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. கூரையில் ஏறி ஓடு, தகரம், ஆணி எல்லாம் பாருங்கள். துருப்பிடித்த ஆணியை மாற்றுங்கள்.
2. பீலியைத் துப்புரவாக்கித் தாங்கியைக் கழுவிக் காயவிடுங்கள்.
3. வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் காவோலை, பட்ட கிளை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.
4. கிணற்றுக் கட்டு உடைந்திருந்தால் கட்டுவியுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் அந்த ஆண்டுக் குடிநீர் கெட்டுவிடும்.
5. தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருப்பதைவிட ஒரு மாதத்துக்கு மேலதிகமாக வாங்கிவையுங்கள். நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள், மின்வெட்டில் அந்த மருந்தை எப்படிக் குளிராக வைப்பது என்று வைத்தியசாலையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
6. அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய், மெழுகுதிரி, டோர்ச் பற்றறி ஆகியவற்றில் இரண்டு கிழமைக்கான இருப்பு வேண்டும். கொஞ்சம் காசும் கையில் இருக்கட்டும்.

மாரியும் தாழமுக்கமும்: ஐப்பசி முதல் மார்கழி வரை

வங்கக் கடலில் தாழமுக்கங்கள் பிறந்து இலங்கையின் வடக்கையும் தமிழகக் கரையையும் நோக்கி வருவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாக்கு நீரிணையைச் சுற்றிய கரைகள் அனைத்துக்கும் பாடம். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசம்பரில் புரெவி வடக்கை ஊடறுத்துச் சென்றது. 2024 நவம்பர் இறுதியில் கடும் மழை காரணமாக உயர்தரப் பரீட்சையே நாடெங்கும் இடைநிறுத்தப்பட்டது. ஆசிரியர்கள் இதை மனத்திற்கொண்டு, பாடத்திட்டத்தை ஒக்டோபர் நடுவுக்குள் முடிப்பது நல்லது.

இந்த மாதங்களில் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் திரும்புவதற்கு ஒன்றிரண்டு நாட்களை மேலதிகமாக ஒதுக்குங்கள். தாழமுக்க அறிவித்தல் வந்தபின் 'கடைசிப் படகைப் பிடிப்போம்' என்று துறைக்கு ஓடவேண்டாம். எந்தக் கரையில் இருக்கிறீர்களோ அந்தக் கரையிலேயே தங்குங்கள். அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். தீவின் மேலதிகாரிகளுக்கு இது புதிதல்ல.

தீவு தட்டையானது; கடல் ஏறினால் ஒதுங்க மேடு இல்லை. கரையோர வீட்டில் இருப்பவர்கள் சூறாவளி எச்சரிக்கை வந்ததும் உட்பகுதியில் கல்லால் கட்டிய பாடசாலைக்கோ கோவிலுக்கோ போய்விட வேண்டும். காற்று திடீரென்று ஓய்ந்து வானம் வெளுத்தால் வெளியே வராதீர்கள். அது சூறாவளியின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தோடு திரும்பும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அது எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மாரியின் நோய்கள் இரண்டு. ஒன்று டெங்கு: சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் தேங்கும் எதையும் கவிழ்த்து வையுங்கள். மற்றது எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் குடாநாட்டில் அது பரவி உயிர்களைக் குடித்தது. கால் வெடிப்போடு வெள்ளத்தில் நடக்காதீர்கள். வயலிலும் சேற்றிலும் இறங்குகிறவர்கள் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே வைத்தியசாலைக்குப் போங்கள். 'இரண்டு பனடோல் போட்டுப் பார்ப்போம்' என்று மூன்று நாள் கடத்தினால், யாழ்ப்பாணத்துக்கு ஏற்றவேண்டிய நேரத்தில் படகு இல்லாமல் போகலாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடும்வரை நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மழைக்குப் பயந்து பாம்புகள் கல்வேலி இடுக்குகளிலிருந்து வீட்டுப் பக்கம் வரும். இரவில் டோர்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்கவேண்டாம்.

பருவத்தைச் சாப்பிடுங்கள்

படகு நிற்கும் நாட்களிலும் தீவார் பட்டினி கிடப்பதில்லை. பனை அதற்குக் காரணம். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி, ஆவணியில் பனம்பழம். அதன் களியை வெயிலில் காயவிட்டால் பனாட்டு. விதைகளை மாரிக்கு முன் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு. பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மழை ஓய்ந்து வெயில் ஏறும் காலத்தில் கிழங்கு காய்கிறது. அடுத்த மாரியில் அதுவே ஒடியற் கூழாகிறது. கடல் இறங்கிய நாட்களில் மலிவாகக் கிடைக்கும் மீனைக் கருவாடாக்குவதும் இதே முறை. இந்த அத்தியாயத்தின் விதியை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தீவின் அடுக்களைகளில் அது நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. அயல்வீட்டு அக்காவிடம் ஒடியல் காயவைக்கப் பழகிக்கொள்ளுங்கள். பழகும் சாட்டில் அயலும் கிடைக்கும்.

அயல் கிடைப்பது சிறிய விடயமன்று. படகில்லாத நாட்களில் புதியவர்களை அதிகம் வாட்டுவது தனிமைதான். விடுதி அறைக்குள் அடைந்திருந்து வானிலைச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் காற்று குறையாது. அந்த நாட்களுக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வையுங்கள்: விடைத்தாள் திருத்தல், தையல், நூலகப் பதிவேடு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவையுங்கள்: "கார்த்திகையில் இரண்டு நாள் தொடர்பு கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம்."

சுருக்கமாக

மாசி – சித்திரை: பாரம் ஏற்றுதல், கட்டட வேலை, ஒடியல்.
வைகாசி – ஆவணி: காலைப் படகு, தண்ணீர்ச் சிக்கனம், இரும்புக்கு எண்ணெய்.
புரட்டாதி – ஐப்பசித் தொடக்கம்: கூரை, பீலி, தாங்கி, மருந்து, இருப்பு.
ஐப்பசி – மார்கழி: நீர் சேமித்தல், எச்சரிக்கை கேட்டல், பயணம் தவிர்த்தல்.
தை: சேதம் பார்த்தல், தாங்கியின் அளவைக் குறித்தல், கோடைக்குப் பங்கிடல்.

நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போகும் ஆண்டிலும் இந்த வேலைகளை விடாதீர்கள். போகும்போது பீலியைத் துப்புரவாக்கி, தாங்கியை நிரப்பி, கிணற்று நீர் எந்த மாதத்தில் கரிக்கத் தொடங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவரும் உங்களைப்போலவே ஒன்றும் தெரியாமல்தான் வந்து இறங்குவார்.